1971 ஃபோர்டு எஃப்-100: தரையில் இருக்கும் டிம் சுவிட்சை எங்கே மாத்தி வைக்கலாம்?

எஃப்100_மிச்சிகன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட 1971 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் இருக்கு. 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், நாலு கியர், கியர் ராடு தரையில. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. இதுல ஹெட்லைட்டோட டிம்-பிரைட் சுவிட்ச் கிளட்ச் பெடலுக்கு இடது பக்கம், தரைத் தகட்டுலேயே ரெண்டு ஸ்க்ரூ போட்டு இருக்கு. இடது காலால ஒரு அமுக்கு அமுக்கினா பிரைட், இன்னொரு அமுக்குக்கு டிம்.

போன டிசம்பர்ல ராத்திரி எட்டு மணி வாக்குல செல்சீயிலேர்ந்து ஸ்டாக்பிரிட்ஜ் பக்கம் எம்-52 ரோட்டுல போய்க்கிட்டிருந்தேன். ரெண்டு வழி ரோடு, நடுவுல தடுப்பு கிடையாது, ஓரமெல்லாம் பனி. எதிர்ல ஒரு பெரிய லாரி வந்துச்சு, டிம் பண்ண அமுக்கினேன். பொத்தான் உள்ள போச்சு, திரும்பி மேல வரல. டிம்மும் இல்ல, பிரைட்டும் இல்ல, முன்னால ஒண்ணுமே தெரியல. காலைத் தூக்கி குதிகாலால ஓங்கி மிதிச்சதுக்கு அப்புறம்தான் டிம் வந்துச்சு. ரெண்டு செகண்டு இருந்திருக்கும். பக்கத்துல என் பொண்ணு உட்கார்ந்திருந்தா.

மறுநாள் ரப்பர் பாயைத் தூக்கிப் பார்த்தா, பனிக்கால பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டு வந்த உப்புத்தண்ணி கீழே தேங்கி, சுவிட்சைச் சுத்தி தகடு செதில் செதிலா உரியுது. சுவிட்சைக் கழட்டி மடிப்பைப் பிரிச்சுத் திறந்தேன். கிரீஸ் காஞ்சு பழுப்பு மெழுகு மாதிரி கெட்டியா இருக்கு. செம்புத் தகடு மேல பச்சை பூத்திருக்கு. பொத்தானைத் திருப்பி மேல தள்ளுற ஸ்பிரிங் துருவுலேயே ஒட்டிக்கிட்டு நிக்குது.

புது சுவிட்ச் வாங்குறது பெரிய விஷயம் இல்ல. ஆனா அதே குழியிலேயே வைக்க மனசு வரல. இடம் மாத்தணும். டாஷ்போர்டுக்கா, ஸ்டியரிங் தண்டுக்கா, இல்ல தரையிலேயே கொஞ்சம் மேலயா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

ஹூஸ்டன்_பிக்கப்

நண்பரே, முதல்ல நீங்களும் பொண்ணும் பத்திரமா வந்தது நிம்மதி.

என்கிட்ட 1979 எஃப்-150, அதே கால் சுவிட்ச்தான். ஃபோர்டு இதை எஃப் வரிசையில 1991 வரைக்கும் விடாம வச்சிருந்தாங்க. அவ்வளவு காலம் நிலைச்ச ஒரு ஏற்பாட்டுல குறை தேட வேண்டாம்னு நினைக்கிறேன். கை ஸ்டியரிங்கை விட்டு எடுக்க வேண்டியதில்ல, கண்ணு ரோட்டை விட்டு நகர வேண்டியதில்ல. தரையை வெட்டி புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணுங்க, பெயின்ட் அடிங்க, புது சுவிட்சை அதே இடத்துல வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பாயைத் தூக்கிப் பாருங்க. போதும்.

வால்பாறை_ஜீப்

ஹூஸ்டன் நண்பர் வண்டி ஆட்டோமேட்டிக் கியரா? இருந்தா அவர் சொல்றது சரி. இடது காலுக்கு வேற வேலையே கிடையாது.

எங்க ஊர்க் கதை வேற. ஆழியாறுலேர்ந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. என் பழைய மகிந்திரா ஜீப்லயும் டிம் சுவிட்ச் தரையிலதான், கிளட்சுக்கு இடது பக்கம். வளைவுல செகண்ட் கியர் போட கிளட்சை அமுக்கியிருக்கிற அதே நேரத்துலதான் மேலேர்ந்து பஸ் வரும், டிம் பண்ணியாகணும். இருக்கிறது ஒரு இடது கால். கிளட்சை விடவா, டிம்மை விடவா? பழைய அம்பாசிடர் ஓட்டினவங்களுக்கும் இது தெரியும், அதுலயும் தரையிலதான் இருந்துச்சு.

அதனால நான் டாஷ்போர்டுக்குக் கொண்டு வந்தேன். வந்த இடத்துல ஒரு தப்பு பண்ணினேன். அதை இங்க சொல்லியே ஆகணும், வேற யாரும் பண்ணக்கூடாது. கடையில மூணு கால் உள்ள டாகிள் சுவிட்ச் (சின்னக் குச்சியை மேலயும் கீழயும் தள்ளுற சுவிட்ச்) கேட்டேன். கொடுத்ததை அப்படியே மாட்டினேன். அது மேல ஒரு நிலை, கீழ ஒரு நிலை, நடுவுலயும் நிக்கிற ஜாதி. நடுவுல நின்னா எதுவும் எரியாது. ஒரு ராத்திரி மழையில, வளைவுல டிம் பண்ணப் போய் விரல் பாதியில நின்னுடுச்சு. பள்ளத்தாக்குப் பக்கம் தடுப்புச் சுவர் இல்லாத வளைவு அது. வண்டியை அப்படியே நிறுத்திட்டேன். பின்னால வந்த கார் ஹார்ன் அடிச்ச சத்தத்துலதான் சுய நினைவே வந்துச்சு.

வாங்கும்போது நடுவுல நிக்காத சுவிட்சான்னு கையில வச்சு தட்டிப் பார்த்து வாங்குங்க. எங்க தள்ளினாலும் ஏதாவது ஒரு பக்கம் போய் விழணும்.

ஸ்கார்பரோ_சி10

அண்ணா, என்னட்ட 1970 செவ்ரோலெட் (செவி) சி10 பிக்கப் நிக்குது. இஞ்சையும் உப்புத்தான் பெரிய எதிரி. நான் கால் சுவிற்சையே வைச்சிருக்கிறன், ஆனால் தரையில இல்லை. மூண்டு மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை வளைச்சு ஒரு தாங்கி செய்து, பாதம் வைக்கிற சரிவில, தரையில இருந்து அஞ்சு அங்குலம் மேல பூட்டினனான். தண்ணி அங்க ஏறாது. அதோட முந்தி கால் முழுக்கத் தூக்கி வைக்கவேணும், இப்ப குதி தரையிலயே இருக்க முன்பாதத்தால தட்டலாம்.

பூட்ட முதல் கதிரையில இருந்து பனிச் சப்பாத்தோட ஒருக்கா, சும்மா சப்பாத்தோட ஒருக்கா கிளட்சை முழுக்க அமுக்கிப் பாருங்கோ. சப்பாத்தின்ர விளிம்பு சுவிற்சில படக்கூடாது. நான் முதல் பூட்டின இடத்தில கிளட்ச் அமுக்கேக்க லைற்றும் மாறிச்சுது. ரெண்டாம் தரம் துளை போடவேண்டி வந்திட்டுது.

வயர் நிறம் செவியில வேற. இளம் பச்சை பிரைற், மண்ணிறம் டிம். ஃபோர்டுக்கு அதைப் பார்த்துச் செய்யாதேங்கோ.

கோவை_ஆட்டோ_ஒயரிங்

வணக்கம்ங்க. முப்பது வருஷமா வண்டி ஒயரிங் வேலை. அம்பாசிடர், ஜீப்பு, டிராக்டரு, லாரி எல்லாம் பார்த்திருக்கேன். எல்லாரும் எங்க வைக்கிறதுன்னு பேசறீங்க. அது அவங்கவங்க காலுக்கும் ரோட்டுக்கும் தகுந்த மாதிரிங்க. மிச்சிகன் தம்பிக்கு அன்னைக்கு நடந்ததுக்குக் காரணம் இடம் மட்டும் இல்லைங்க. அந்த சுவிட்ச் எங்க இருந்திருந்தாலும் அது செத்தா லைட்டும் செத்திருக்கும். ஏன்னா ரெண்டு லைட்டோட மொத்தக் கரண்டும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள புகுந்துதான் போகுது. டாஷ்போர்டுல கொண்டு வந்து வச்சீங்கன்னா அதே ஆபத்தை மேல தூக்கி வச்ச மாதிரிதான்.

சுவிட்ச் ஒடைஞ்சாலும், ஒயர் கழண்டாலும், டிம் தானா எரியணும். அப்படி ஒயரிங் பண்ணிட்டு அப்புறம் சுவிட்சை எங்க வேணா வைங்க.

அதுக்கு அஞ்சு கால் ரிலே இருக்குங்க. ரிலேன்னா சின்னக் கரண்ட்டால பெரிய கரண்ட்டை மாத்தி விடற சுவிட்ச். 30, 85, 86, 87, 87ஏ-ன்னு நம்பர் போட்டிருக்கும். 85, 86 காயில். காயிலுக்குக் கரண்ட் போகாதப்ப 30-ம் 87ஏ-வும் சேர்ந்திருக்கும். கரண்ட் போனா 30 தாவி 87-ஓட சேரும். டிம்மை 87ஏ-ல கொடுங்க, பிரைட்டை 87-ல கொடுங்க. பிரைட் கேக்கறப்ப மட்டும் காயிலுக்குக் கரண்ட். சுவிட்ச் கெட்டுதா, ஒயர் அறுந்துதா, காயில் எரிஞ்சுதா, ரிலே தன்னால டிம்முக்கு வந்து நிக்கும்.

தம்பி வண்டியில இப்ப என்ன லைட்டு? டிம் சுவிட்ச் கப்ளர்ல, அதாவது ஒயரெல்லாம் வந்து செருகற பிளக்குல, மூணு ஒயரும் என்ன நிறம்?

எஃப்100_மிச்சிகன்

ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சதும்தான் எனக்கே புரிஞ்சுது. நான் இடத்தையே பிடிச்சுக்கிட்டிருந்தேன்.

லைட் 7 அங்குல வட்ட சீல்டு பீம் (பல்பும் கண்ணாடியும் ஒரே மூடின கட்டா வர்றது), மாடல் நம்பர் எச்6024. பிரைட் 65 வாட், டிம் 35 வாட். கப்ளர்ல மூணு ஒயர்: சிவப்புல மஞ்சள் கோடு, சிவப்புல கருப்பு கோடு, பச்சையில கருப்பு கோடு. எது எதுன்னு நிச்சயமா தெரியல. முந்தின சொந்தக்காரர் எங்கயாவது கை வச்சிருப்பாரோன்னு சந்தேகம்.

கோவை_ஆட்டோ_ஒயரிங்

ஃபோர்டுல சிவப்பு-மஞ்சள்தான் ஹெட்லைட் சுவிட்சுல இருந்து வர்ற கரண்ட். சிவப்பு-கருப்பு டிம். பச்சை-கருப்பு பிரைட். ஆனா நிறத்தை நம்பி வேலை பார்க்காதீங்க, வண்டிக்கு வயசு அம்பதுக்கு மேல. கப்ளரைக் கழட்டிட்டு, ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு, டெஸ்ட் லேம்பால (கரண்ட் இருந்தா எரியற சோதனை விளக்கு) ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. கரண்ட் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அதை மத்த ரெண்டோட ஒவ்வொண்ணா ஒரு துண்டு ஒயரால சேர்த்துப் பாருங்க, எது டிம், எது பிரைட்னு முன்னால போய்ப் பார்த்தாத் தெரிஞ்சிடும். ஒரு ஃபியூஸ் வச்ச துண்டு ஒயரா இருக்கட்டும்.

இப்ப வேலைக்கு வர்றேன். வண்டியோட ஒயரிங் செட்டை எங்கயும் வெட்ட வேண்டாங்க.

டிம் சுவிட்ச் கப்ளர் பக்கம்: சிவப்பு-மஞ்சளையும் சிவப்பு-கருப்பையும் நிரந்தரமா சேர்த்துடுங்க. இனிமே ஹெட்லைட்டு போட்டா சிவப்பு-கருப்புல எப்பவும் கரண்ட் இருக்கும். சிவப்பு-மஞ்சளுக்கும் பச்சை-கருப்புக்கும் நடுவுல உங்க புது சுவிட்ச். போட்டா பச்சை-கருப்புல கரண்ட், எடுத்தா இல்லை. சாதா ரெண்டு கால் சுவிட்ச் போதும். வால்பாறைக்காரருக்கு நடந்த மாதிரி நடுவுல நிக்கிற பேச்சே இல்லை.

முன்னால லைட்டுப் பக்கம்: இடது லைட்டுக்கு ரெண்டு ரிலே, வலதுக்கு ரெண்டு ரிலே. பேட்டரியில இருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபியூஸ், 10 ஆம்பியர், பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். முதல் ரிலே நாலு கால்: ஃபியூஸ்ல இருந்து 30, அதோட 87 அடுத்த ரிலேயோட 30-க்கு. இதோட காயிலுக்கு சிவப்பு-கருப்பு. ரெண்டாவது ரிலே அஞ்சு கால்: 87ஏ டிம், 87 பிரைட். இதோட காயிலுக்குப் பச்சை-கருப்பு. எல்லா காயிலோட மறுமுனையும் பாடி எர்த்.

எதுக்கு நாலு ரிலேன்னு கேப்பீங்க. ஒரே ஜோடியில ரெண்டு லைட்டையும் ஓட்டலாம். அப்ப ஒரு ஃபியூஸ் போனா ரெண்டு கண்ணும் போயிடும். தனித்தனியா போட்டா ஒண்ணு போனாலும் ஒரு கண்ணுல வீடு வந்து சேரலாம்.

வேலைக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிடுங்க.

ஹூஸ்டன்_பிக்கப்

என் வண்டி ஆட்டோமேட்டிக்தான், வால்பாறை நண்பர் சொன்னது சரி. கிளட்ச் வண்டிக்காரங்க கஷ்டத்தை நான் நினைச்சுப் பார்க்கல.

ஒரு சந்தேகம். பச்சை-கருப்பு ஒயர்தானே மீட்டர் போர்டுல பிரைட் விளக்குக்கும் போகுது? அது எரியாம போச்சுன்னா பிரைட்ல ஓடறோமான்னே தெரியாது. இங்க பல மாநிலத்துல எதிர் வண்டி 500 அடிக்குள்ள வந்தா டிம் பண்ணணும்னு சட்டம். பக்கவாட்டு வெளிச்சத்தை வச்சு ஊகிச்சுக்கிட்டு ஓட்ட முடியாது.

கோவை_ஆட்டோ_ஒயரிங்

நல்ல கேள்விங்க. அந்த ஒயரை நாம வெட்டலை. புது சுவிட்சைப் போட்டா பச்சை-கருப்பு முழுக்கக் கரண்ட் ஏறும், மீட்டர் போர்டு விளக்கும் பழையபடி எரியும். முன்னால போற முனை மட்டும் லைட்டுக்குப் பதிலா காயிலுக்குப் போகுது, அவ்வளவுதான்.

ஸ்கார்பரோ_சி10

ஐயா, ரிலே தாவுற அந்த நேரத்தில இருட்டு வராதோ?

கோவை_ஆட்டோ_ஒயரிங்

வராதுங்க. ரிலே தாவறது கண்ணிமைக்கிறதை விட வேகம். பல்பு இழை ஆறதுக்குள்ள அடுத்தது பத்திக்கும்.

எஃப்100_மிச்சிகன்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். வேலை முடிஞ்சுது.

முதல்ல ஒயரிங் கைவைக்கிறதுக்கு முன்னாடி அளந்து வச்சுக்கிட்டேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில 13.9 வோல்ட். பிரைட் போட்டு லைட்டு கப்ளர்ல அளந்தா 11.8. ரெண்டு வோல்ட்டுக்கு மேல வழியிலேயே தொலைஞ்சிருக்கு. இழை பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைஞ்சிடும். இத்தனை வருஷமா என் மூக்குக் கண்ணாடியை மாத்தணுமோன்னு நினைச்சு ஓட்டியிருக்கேன். ரிலே போட்ட பிறகு அதே கப்ளர்ல 13.5. முதல் ராத்திரி கேட்டுக்கு வெளிய திருப்பினதும் தபால் பெட்டி நம்பரை தூரத்துலேர்ந்தே படிக்க முடிஞ்சுது.

ஒயர் நிறம் ஐயா சொன்ன மாதிரியே இருந்துச்சு. ஆனா டெஸ்ட் பண்ணினதுல வேற ஒண்ணு கிடைச்சுது. வலது லைட்டுக்குப் போற எர்த் ஒயர் ரேடியேட்டர் தாங்கித் தகட்டுல பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டிருந்துச்சு. சுரண்டி, பளபளன்னு ஆனதும் திருப்பிப் போட்டேன். பேட்டரியிலேர்ந்து லைட்டு வரைக்கும் 12 கேஜ் தடிமன் ஒயர், எல்லா முனையும் கிரிம்ப் பண்ணி, சூடு காட்டினா சுருங்குற ஸ்லீவ் போட்டிருக்கேன். தகட்டுல துளை போட்ட ஒரே இடத்துல ரப்பர் வளையம்.

சுவிட்சை எங்க வச்சேன்னா, ஸ்டியரிங் தண்டுக்கு இடது பக்கம், டாஷ்போர்டு அடி விளிம்புல ஒரு சின்னத் தாங்கி. முதல்ல அட்டையில வெட்டி ஒட்டி ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இடது கையால பிடிச்சபடியே நடுவிரலை நீட்டினா சுவிட்ச் நுனி தட்டுப்படுற இடமா வர்ற வரைக்கும் நாலு தடவை நகர்த்தினேன். கனமான கையுறை போட்டும் பார்த்தேன், அதுக்காக நீளமான வால் உள்ள டாகிளா வாங்கினேன். கீழே தள்ளினா டிம், மேலே தூக்கினா பிரைட். பதட்டத்துல கை தன்னால கீழதான் போகும்னு என் மனைவி சொன்னா. அதனால அப்படி வச்சேன்.

பழைய இடத்துல உரிஞ்ச தகட்டை வெட்டி, ஒரு உள்ளங்கை அளவு புதுத் தகடு வச்சு வெல்டு அடிச்சாச்சு. அடியில துரு தடுக்கிற பெயின்ட்.

அப்புறம் ஐயா சொன்னதைச் சோதிச்சேன். ராத்திரி வீட்டு வாசல்ல பிரைட் போட்டு, பொண்ணை முன்னால பத்திரமா தள்ளி நிக்கச் சொல்லிட்டு, சுவிட்சுலேர்ந்து ஒயரைப் பிடுங்கினேன். ரெண்டு லைட்டும் டிம்முக்கு வந்து நின்னுச்சு. இடது ஃபியூஸை உருவினேன், வலது எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. "அப்பா, இன்னொரு தடவை"ன்னு அவ கேட்டா. இன்னொரு தடவை காட்டினேன்.

வால்பாறை_ஜீப்

படிக்க மனசு நிறைஞ்சிருக்கு. என் ஜீப்லயும் அடுத்த வாரம் இதே மாதிரி பண்ணப் போறேன். ஐயா, எனக்கு இன்னொண்ணு வேணும். வளைவுக்கு முன்னால மேல வர்ற வண்டிக்குத் தெரியப்படுத்த ஒரு செகண்டு பிரைட் மின்னணும். டாகிளைத் தூக்கி இறக்குறது சிரமம்.

கோவை_ஆட்டோ_ஒயரிங்

சுலபம்ங்க. அமுக்கினா மட்டும் சேர்ற பொத்தான் ஒண்ணு, ஹார்ன் பொத்தான் மாதிரி, டாகிளோட ரெண்டு காலுக்கும் இணையா ஒயர் கொடுத்துடுங்க. டிம்முல ஓடும்போது அமுக்கினா பிரைட், விட்டா டிம். காயில் கரண்ட் மட்டும்தான், சின்னப் பொத்தானே தாங்கும். உங்க ஜீப்புல ஒயர் நிறம் வேற, அதையும் டெஸ்ட் லேம்பு வச்சுப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

ஸ்கார்பரோ_சி10

நான் கால் சுவிற்சை அதே தாங்கியிலயே விடப்போறன், ஐயா. ஆனால் ரிலே நாலும் வாங்கியாச்சு. கால் சுவிற்சில டிம்முக்குப் போற முனையைச் சும்மா விட்டிட்டு, பிரைற் முனையை மட்டும் காயிலுக்குக் குடுத்தாச் சரிதானே?

கோவை_ஆட்டோ_ஒயரிங்

சரிங்க. டிம் ஒயருக்கு நேரா ஹெட்லைட்டு சுவிட்ச் கரண்டைச் சேர்த்துடுங்க, சும்மா விடற முனைக்கு மட்டும் டேப் சுத்தி மூடிடுங்க.